வரப்பில் வைத்த நாற்றுமுடி

எங்கள் பக்கத்து நடவில் ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் கழனி நட்டு முடிகிற நேரத்தில் நிலத்துக்காரர் வரப்பில் வந்து நிற்பார். நடவுப் பெண்களில் மூத்தவள் சேற்றிலிருந்து ஏறி வந்து, ஒரு நாற்றுமுடியை, அதாவது பிடுங்கிக் கட்டி வைத்த ஒரு கைப்பிடி நாற்றை, அவர் காலுக்கு முன்னால் வரப்பின் குறுக்கே வைப்பாள். அவர் அதைத் தாண்டிப் போகக் கூடாது. வெற்றிலை பாக்கோ, பொரிகடலையும் வெல்லமுமோ, சாயங்காலம் எல்லோருக்கும் டீயோ, பெண்கள் எதைக் கேட்கிறார்களோ அதைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அந்த முடியை அவரே குனிந்து எடுத்துப் பெண்கள் கையில் தருவார். அதைக் கடைசி மூலையில் ஊன்றிவிட்டால் அந்தப் பட்டத்து நடவு முடிந்தது.

முடியை யார் முன்னால் வைக்கிறார்களோ அவர்தான் அந்தக் கழனிக்கு ஆள். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்று நடவுப் பெண்கள் விசாரிப்பதில்லை. பக்கத்து ஊரில் ஒரு சொந்தக்காரர் மெட்ராஸிலிருந்து காரில் வந்து, சலவை வேட்டியோடு வரப்பில் நின்றாராம். பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய், வருஷம் முழுக்கத் தண்ணீர் பார்த்த குத்தகைக்காரர் முன்னால் முடியை வைத்துவிட்டார்களாம். அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்த மனிதர் முழித்த மாதிரியே முழித்துக் காட்டுவாள்.

எங்கள் கழனியில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நைனா முன்னால்தான் முடி வைத்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பிறகு அண்ணன் முன்னால் வைப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, அண்ணன் ஒருவனைத் தவிர. அவன் பாலிடெக்னிக் முடித்து அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். மெஷினைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப் போகும் அளவுக்குப் பேசுவான். கழனிப் பேச்சு வந்தால் அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

நான் பள்ளி இறுதி வகுப்பு பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருந்தேன். வீட்டில் இருந்தேன் என்றால், பெண் பார்க்க வருகிறவர்கள் தின்பதற்கு பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம். மிச்ச நேரமெல்லாம் கழனியில்தான். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஏன் பிடித்தது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வீட்டில் எவ்வளவு பெருக்கினாலும், துலக்கினாலும், மறுநாள் காலை நேற்று ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். கழனியில் அப்படி இல்லை. இன்றைக்கு ஒரு மடை திறந்தால் நாளைக்கு அது தெரியும். ஆனால் யாரும் கேட்கவில்லை. அடுத்து யார் பார்ப்பது என்று வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் நான் அங்கேயேதான் இருப்பேன், காபி கொடுத்துக்கொண்டு.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம் நல்ல மழை. உத்திரமேரூரைச் சுற்றி இருக்கிற ஏரிகளெல்லாம் நிரம்பின, எங்கள் ஊர் ஏரி கலங்கல் வழிந்தது. பொங்கலை ஒட்டி நடுகிற நவரைப் பட்டத்துக்குப் பஞ்சமில்லை என்று ஊரே நாற்று விட்டது. அங்கேதான் சிக்கல். எல்லோரும் சேர்ந்தாற்போல நாற்று விட்டால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நட ஆள் வேண்டும். கழனி எத்தனை காணி இருந்தாலும் நடுகிற பெண்கள் அதே பெண்கள்தானே.

எங்கள் ஊரில் நடவுக்குப் போகிறவர்கள் காலனிப் பெண்கள். அவர்களுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள். அவளிடம் சொன்னால் அத்தனை பேருக்கும் சொன்ன மாதிரி. நாற்று விட்ட வாரத்திலேயே நிலத்துக்காரர் வெற்றிலை பாக்கோடு போய் அவளிடம் சொல்லி வைக்க வேண்டும். அதுதான் முறை. நைனா ஒரு வருஷமும் அதைத் தவறவிட்டதில்லை. ஆனால் அந்த மார்கழியில் மாட்டு வண்டியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி, கணுக்காலில் எலும்பு முறிந்து, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். சொல்லி வைக்கிற வேலை ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணன் தலையில் விழுந்தது.

அண்ணனுக்கு இதெல்லாம் வீண் வேலையாகப் பட்டது. ஒவ்வொருவரையும் கெஞ்சிக்கொண்டு இருப்பானேன், கம்பெனியில் செய்கிற மாதிரி மொத்தமாகக் காண்ட்ராக்ட் விட்டுவிடலாம் என்று நினைத்தான். பஸ் ஏறி, செய்யாற்றுப் பக்கம் பெருநகர் என்கிற ஊருக்குப் போய், அங்கே ஒரு மேஸ்திரியைப் பிடித்து, பொங்கல் கழிந்ததும் ஆட்களோடு வந்துவிட வேண்டும் என்று பேசி முடித்துவிட்டு, மாலையில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தான். நைனா எழுந்து உட்கார்ந்தார். இங்கே சொல்லிவிட்டுத்தானே அங்கே சொன்னாய் என்று கேட்டார். எதற்கு இரண்டு இடத்தில் சொல்ல வேண்டும் என்று அவன் திருப்பிக் கேட்டான். நைனா மறுபடியும் படுத்துக்கொண்டார்.

பொங்கல் வந்தது. மாடுகளுக்குக் கொம்பு சீவி வர்ணம் அடித்தோம். மதகு திறந்தார்கள். கழனியில் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்டி, பரம்படித்துச் சமமாக்கி, சேறு தயிர் மாதிரி கிடந்தது. பெருநகர் ஆட்கள் வரவில்லை. செய்யாற்றில் தண்ணீர் வந்ததால் அவர்கள் ஊரிலேயே வேலை தலைக்கு மேல் கிடந்தது. மேஸ்திரி வேறு ஊர்ப் பெண்களைக் கூட்டி வருவதாகச் சொல்லி அனுப்பினான், அப்புறம் அதுவும் இல்லை. எங்கள் ஊர்ப் பெண்களோ எங்களுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் கழனியில் நட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வெளியூரில் ஆள் சொல்லிவிட்டோம் என்று கேள்விப்பட்ட அன்றைக்கே அவர் வெற்றிலை பாக்கோடு போய்விட்டார். அவர் புத்திசாலி.

நாற்றங்காலைத் தினமும் போய்ப் பார்த்தேன். நாற்று நமக்காகக் காத்திருக்காது. வயது மிஞ்சினால் முற்றிவிடும், அப்புறம் நட்டாலும் தூர் கட்டாது. நுனி மஞ்சள் தட்ட ஆரம்பித்திருந்தது. பொங்கலுக்கு வந்த அண்ணன் லீவை நீட்டிக்கொண்டு, ஊர் ஊராகச் சைக்கிள் மிதித்து ஆள் தேடினான். பாவம், அந்த நாலைந்து நாளில் அவன் முகமே சுண்டிப்போயிற்று.

ஒரு காலை, நாஷ்டா தட்டை நகர்த்தி வைத்துவிட்டு நைனா பேசினார்.

"எனக்குக் காலும் போச்சு. இவனுக்கு இஷ்டமும் இல்ல. நட ஆளும் இல்ல. யாருக்கோசரம் நான் இத்தக் கட்டிக்கினு மாரடிக்கணும்? பக்கத்துக் கயனிக்காரு ரொம்ப நாளா குத்தகைக்குக் கேட்டுக்கினு கீறாரு. இந்த வாரத்துல நடவுக்கு ஆளு எறங்கலன்னா குடுத்துடறேன். வூட்டப் பூட்டிக்கினு மெட்ராசுக்குப் போய்டலாம்."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நம் கழனியை இன்னொருவர் ஓட்ட, நான் அம்பத்தூரில் ஒரு போர்ஷன் வீட்டில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. பொங்கிக்கொண்டு வந்தது. என் கோபம் ஊருக்கே தெரிந்த கோபம். வழக்கமாக நான் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். அன்றைக்கு வைக்காமல், செருப்பை மாட்டிக்கொண்டு நேராகக் காலனிக்குப் போனேன்.

காலைக் கஞ்சிக்காக நடவுப் பெண்கள் கரையேறியிருந்த நேரம். மூத்தவள் தன் வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். பழைய ஆட்கள் எங்களைக் கண்டால் எழுந்து ஒதுங்கி நிற்பார்கள். அவள் அதெல்லாம் செய்ய மாட்டாள். நைனாவையே பெரியவரே என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் மேல் கோபமா என்று கேட்டேன்.

"கோவம் இன்னா கோவம். நீங்க பெருநகர்ல ஆள் சொல்லிட்டீங்க, நாங்க வேற எடத்துல வாக்கு குடுத்துட்டோம். அந்தக் கயனி முடியறதுக்கு இன்னும் ரெண்டு மூணு நாள் பூடும். அப்பால எங்க கயனி கீது. இந்த வருசமாச்சும் அத்த நேரத்தோட நட்டுடணும்னு கீறேன் பாப்பா. அதுக்கு அப்பறம்தான் உங்களுது."

அவர்கள் கழனி என்றால் ஏரியின் கடைமடையில், சர்க்கார் சில வருஷத்துக்கு முன்னால் பட்டா போட்டுக் கொடுத்த ஒரு துண்டு நிலம். ஊர்க் கழனியெல்லாம் நட்டு முடித்துவிட்டு, கடைசியில் மிச்ச நாற்றை, முற்றின நாற்றைக் கொண்டுபோய் நடுவார்கள். ஒரு வருஷமும் அது சரியாக விளைந்ததில்லை. ஊரையெல்லாம் நட்டவளுக்குத் தன் நிலத்தை நட நேரமில்லை. அவள் மகளும் முன்பு நடவுக்கு வருவாள். இப்போது காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் வரிசையில் ஒரு கை குறைந்துவிட்டது என்று மூத்தவள் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னாள்.

எனக்கு அந்த இடத்திலேயே யோசனை வந்தது. யோசனை வந்ததும் வாயும் வந்துவிட்டது. நீங்கள் அங்கே நடுகிறபோதே உங்கள் கழனியை நாங்கள் நட்டுக் கொடுத்துவிட்டால், அங்கே முடிந்ததும் நேராக எங்கள் கழனிக்கு வந்துவிடலாம் இல்லையா என்று கேட்டேன்.

நாங்கள் என்றால் யார் என்று கேட்டாள். நான், எங்கள் அம்மா, அண்ணன் என்று சொன்னேன். அவள் என் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து அவள் மகள் வந்தாள், பொங்கல் லீவுக்கு வந்திருந்தவள். அவளும் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆனால் எனக்கும் சிரிப்புதான் வந்தது. கடைசியில் மகள்தான் தீர்த்து வைத்தாள். கூலிக்கு இனி நடுவதில்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் அவள் படிக்கப் போனாளாம். ஆனால் இது சொந்தக் கழனி, இதில் இறங்குவேன், இவர்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

வீட்டில் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அண்ணனிடம் சொன்னதும் அவன் உடனே சரி என்றான். செய்ததைச் சரிக்கட்ட ஒரு வழி கிடைத்தால் போதும் என்றிருந்தான் அவன். அம்மாவிடம்தான் பயம். காலனிக்காரர்கள் கழனியில் இறங்கி நடுவதா, நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று ஆரம்பிப்பாள் என நினைத்தேன். அவள் அடுப்படிக் கதவை லேசாகச் சாத்திவிட்டு என்னைக் கிட்டே இழுத்தாள்.

"பொறந்த வூட்ல நானு நட்டவதான்டி. அங்க கூலிக்கு ஆள் வெக்கற வசதியா இருந்திச்சு? உங்க நைனா வூட்ல தெரிஞ்சா கௌரவம் கொறஞ்சிடும்னு எங்கம்மா சொல்லவே கூடாதுன்னுட்டா. நீயும் உங்க நைனாகிட்ட ஒளறி வெக்காத."

இருபது வருஷத்துக்கும் மேலாக நைனாவோடு வாழ்கிறவள் இப்படி ஒன்றை மறைத்து வைத்திருந்தாள். நகையை ஒளித்து வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நடவு தெரியும் என்பதை ஒளித்து வைத்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலையிலேயே கடைமடைக்குப் போய்விட்டோம். மூத்தவளின் வீட்டுக்காரர் முந்தின நாளே சேடை ஓட்டி, நாற்றைப் பறித்து முடி கட்டிப் போட்டிருந்தார். நல்ல இளநாற்று, பச்சைப் பசேலென்று இருந்தது. நிலத்தை விட்டுப் போகிறவர்கள் இரண்டு பேர், அண்ணனும் மூத்தவளின் மகளும். விடமாட்டேன் என்கிற நான் ஒருத்தி. மறைத்து வைத்திருந்த அம்மா ஒருத்தி. இதுதான் எங்கள் நடவுக் கூட்டம்.

அம்மா புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள். இடது கையில் நாற்றை அணைத்துக்கொண்டு குனிந்தாள். அவ்வளவுதான் தெரியும், நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் முன்னால் ஒரு பச்சை வரிசை நின்றது. வலது கை நாற்றைப் பிரிப்பதும் ஊன்றுவதும் ஒரே அசைவாக இருந்தது. அந்தப் பெண்ணும் அதே வேகம். நான் நட்டதில் பாதி சாய்ந்து மிதந்தது. விரலை ஆழமாக விட்டால் நாற்று மூழ்கிப் போயிற்று, மேலாக விட்டால் நீச்சல் அடித்தது.

அண்ணன் கதை தனிக் கதை. முதலில், வரிசை நேராக வர வேண்டும் என்று இரண்டு குச்சிகளை ஊன்றி சணல் கயிறு கட்டினான். அதற்கே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு நட ஆரம்பித்தான், முன் பக்கமாக நடந்துகொண்டே. நடவு என்றால் பின்னாலேயே போக வேண்டும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்த்திருக்கிறான், ஆனால் பார்த்ததே இல்லை. ஊன்றிய நாற்றையெல்லாம் தானே மிதித்துக்கொண்டு அக்கறையாகப் போய்க்கொண்டிருந்தான். அம்மா நிமிர்ந்து பார்த்து, சேற்றுக் கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். டீச்சரானதும் உன் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிக் கொடு என்று அண்ணன் அவளிடம் முறைத்துக்கொண்டே சொன்னான். அந்த நேரம் பார்த்து ஒரு நண்டு அவன் கட்டைவிரலைக் கவ்வியது. பிறகு கொஞ்ச நேரம் யாரும் நடவே இல்லை.

வெயில் ஏறியதும் சாப்பிட உட்கார்ந்தோம். நாங்கள் தயிர்சாதம் கொண்டுபோயிருந்தோம். அந்தப் பெண் கேழ்வரகுக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டு வந்திருந்தாள். அவள் தன் குண்டானை எடுத்துக்கொண்டு சற்றுத் தள்ளி, எங்களுக்கு முதுகைக் காட்டாத மாதிரியும் பக்கத்தில் இல்லாத மாதிரியும் ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா கையிலிருந்த பிடிச் சோற்றைப் பாத்திரத்திலேயே போட்டாள்.

"அந்தக் கூழுல எனக்கு ஊத்த மாட்டியா? கொழம்பு வாசன இங்க வரிக்கும் தூக்குது."

அந்தப் பெண் ஒரு நிமிஷம் அம்மாவையே பார்த்தாள். பிறகு குண்டானோடு எழுந்து வந்து நடுவில் வைத்தாள். அம்மா அதுவரை காலனி வீட்டுத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அன்றைக்கு இரண்டு கிண்ணம் கூழ் குடித்தாள், குழம்பில் முருங்கைக்காய் போட்டிருக்கலாம் என்று குறையும் சொன்னாள். எனக்கு என் அம்மாவை அவ்வளவு பிடித்த நாள் வேறு இல்லை.

வெயில் சாய்வதற்குள் நட்டு முடித்துவிட்டோம். கழனி என்னவோ பார்க்க அழகாக இல்லை. ஒரு பக்கம் அம்மாவும் அந்தப் பெண்ணும் நட்டது கோடு போட்ட மாதிரி நின்றது. என் பக்கம் கொஞ்சம் ஆடியது. அண்ணன் பக்கத்தை அம்மா இன்னொரு முறை நட வேண்டியிருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் அந்த வழியாகப் போனபோது சைக்கிளை நிறுத்தி, இறங்கி, நன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். போன வேகத்திலேயே தெரிந்தது, நேராக எங்கள் வீட்டுக்குத்தான் போகிறார் என்று.

இடுப்பு வரை சேறோடு நாங்கள் மூன்று பேரும் வீட்டு நடையில் நுழைந்தோம். நைனா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாவை மட்டும் பார்த்துக் கேட்டார்.

"கை மறக்கலியா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. எங்களுக்கும் புரியவில்லை. பிறகு அவர் மெல்லச் சொன்னார். பெண் பார்க்கப் போவதற்கு ஒரு வாரம் முன்னால், யாருக்கும் தெரியாமல் அம்மாவின் ஊருக்குச் சைக்கிளில் போய்ப் பார்த்தாராம். பெண் வீட்டில் இல்லை. கழனியில் நட்டுக்கொண்டிருந்தாளாம். பக்கத்து வாய்க்கால் பாலத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, ஒரு கழனி நட்டு முடிகிற வரைக்கும் நின்று பார்த்தாராம். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைக்கப் போய், சேற்றை இன்னும் நன்றாகப் பூசிக்கொண்டாள். இத்தனை வருஷம் இரண்டு பேரும் ஒரே ரகசியத்தை ஒருவருக்கொருவர் மறைத்து வைத்திருந்தார்கள். அதற்கு மேல் எங்களைத் திட்ட நைனாவுக்கு வழியில்லாமல் போயிற்று. ஆனால் ஒன்று சொன்னார். காலனிக் கழனி நட்டாயிற்று, சரி, நம்முடையது எங்கே நட்டது, வாரம் முடியப் போகிறதே என்றார். குத்தகைப் பேச்சு இன்னும் அப்படியேதான் இருந்தது. அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் வலி, அதைவிட இந்தக் கவலை.

வாக்குக் கொடுத்தபடி பெண்கள் வந்தார்கள். பக்கத்துக் கழனி முடிந்த மறுநாள், பொழுது நன்றாக விடிவதற்குள், வரப்பு வழியே வரிசையாக வந்தார்கள். அந்தக் காட்சியைப் போல ஒரு காட்சியை நான் பிறகு பார்த்ததில்லை. ஓடிப்போய் மூத்தவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அவள் எங்கள் நாற்றை ஒரு முடி எடுத்து நுனியைப் பார்த்தாள், கொஞ்சம் தாங்கும் என்றாள். அதற்குள் இறங்கிவிட்டார்கள். பாட்டு ஆரம்பித்துவிட்டது.

நானும் வரிசையில் இறங்கினேன். ஏற்கெனவே ஒரு கை குறைகிறதே. ஒருத்தியும் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் என்னைச் சும்மாவும் விடவில்லை. என் வரிசை பின்தங்கும்போதெல்லாம் பாட்டில் என்னை இழுத்து ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். பஜ்ஜி போடுகிற கை என்று ஒரு வரி, மாப்பிள்ளை வருகிறான் சேற்றைக் கழுவு என்று இன்னொரு வரி. எனக்குக் கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தார்கள். நான் கோபப்படாததால் வரிகள் மோசமாகிக்கொண்டே போயின. அவற்றை இங்கே எழுத முடியாது. இரண்டாம் நாள் என் நாற்று மிதப்பது நின்றது. மூன்றாம் நாள் நான் பின்தங்கவில்லை.

கடைசிக் கழனி முடிகிற அன்று நைனா வண்டி கட்டச் சொன்னார். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு, வைக்கோல் மேல் உட்கார்ந்து, வரப்போரம் வந்து சேர்ந்தார். அண்ணன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு கூடவே வந்தான். கையில் பெரிய பை, வெற்றிலை பாக்கும் பொரிகடலையும் வெல்லமும். நைனாவால் இறங்கி நிற்க முடியாது என்பதால் இந்த முறை அவன் நின்று முடியை வாங்க வேண்டும் என்று ஏற்பாடு. அவன் வரப்பில் ஏறி நின்றான். நான் சேற்றில், வரிசையின் ஓரத்தில் இருந்தேன். நடவு ஆகிவிட்டது, குத்தகை இல்லை, அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் இனி நான் எவ்வளவு குனிந்து நட்டாலும் கழனி அந்த வெள்ளை வேட்டிக்குத்தான் என்று தோன்றியது. அழுகையை மறைக்கக் குனிந்து, நட்டதையே மறுபடி அழுத்தினேன்.

மூத்தவள் கடைசி முடியை எடுத்துக்கொண்டு வரப்பேறினாள். அண்ணன் பையைத் தயாராகப் பிடித்துக்கொண்டான். அவள் அவனைக் கொஞ்சம் ஒதுங்கச் சொன்னாள். அவன் ஒதுங்கினான். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, மேல ஏறு."

நான் ஏறினேன். எதற்கென்று நிஜமாகவே தெரியவில்லை, கால் கழுவச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நான் வரப்பில் நின்றதும் அவள் குனிந்து, என் சேற்றுக் காலுக்கு முன்னால் முடியை வைத்தாள். உங்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லையே என்றேன், சின்னப் பிள்ளை மாதிரி.

"ஒண்ணும் வேணாம். வர்ற வருசம் நாத்து வுடறதுக்கு மின்ன எங்கள ஒரு வார்த்த கேட்டுக்கினு வுடு. உங்குளுதும் எங்குளுதும் ஒரே நாள்ல முட்டிக்கினு நிக்கக் கூடாது. மின்ன பின்ன வுட்டுக்கினா ரெண்டுமே நேரத்தோட நட்டுக்கலாம்."

சரி என்றேன். உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், வருகிற வருஷத்துக்கு நான் வாக்குக் கொடுத்துவிட்டேன் என்பது உறைத்தது. நைனா வண்டியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அண்ணனும் பார்த்தான். நான் மட்டும் பார்க்கவில்லை, முடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னிய இன்னாத்துக்குப் பாக்கறீங்க?" என்றார் நைனா. "முடி யாரு முன்னால கீதோ அவளக் கேளுங்க."

அண்ணன் பெருமூச்சு விட்டது வரப்பு முழுவதும் கேட்டிருக்கும். பையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தான். அவன் முகத்தில் அவ்வளவு நிம்மதியை வேலை கிடைத்த அன்றுகூட நான் பார்த்ததில்லை. நான் வெற்றிலையையும் பொரியையும் எல்லோருக்கும் கொடுத்தேன். கொடுக்கும்போதே அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன். பெண்கள் அதற்கும் ஒரு பாட்டு கட்டினார்கள்.

முடியை எடுத்துப் பெண்கள் கையில் கொடுப்பதுதான் முறை. என் கால்தான் ஏற்கெனவே சேறாயிற்றே என்று நானே இறங்கி, கடைசி மூலையில் நட்டேன். மூத்தவள் அதைப் பார்த்துத் தலையசைத்தாள். நைனா வண்டியில் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, கோணல் என்றார். நான் பிடுங்கி மறுபடியும் நட்டேன்.